சவுனாவுக்குள் மூன்று மானிட்டர்கள்

ஒரே பெரிய மானிட்டர் வாங்கலாமா, சின்னதாக மூன்று வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் சட்டென்று பதில் சொல்லிவிடமாட்டேன். முதலில் இடத்தை அளந்து பாருங்கள் என்பேன். இணையத்தில் கார் பந்தய விளையாட்டுக்காரர்கள் கூடும் ஒரு குழு இருக்கிறது. அங்கே இந்தக் கேள்வி வந்தால் ஆளுக்கொரு பக்கம் நின்று அடித்துக்கொள்வார்கள். என் பேச்சுக்கு மட்டும் ஒரு மதிப்பு உண்டு. தாபியோ நிதானமான ஆள் என்பார்கள். விசாரணை என்று உட்கார்ந்துவிட்ட பிறகு உங்களிடமும் நிதானமாகவே சொல்கிறேன், மேடம்.

பெரிய மானிட்டரில் காட்சி அறுபடாது. மூன்றாக வைத்தால் நடுவில் இரண்டு கறுப்புச் சட்டம் வந்துவிடும். வளைவில் திரும்பும்போது எதிரே வரும் மரம் அந்தச் சட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஆனால் பக்கத்து இரண்டையும் மடக்கி வைத்து, மேசையில் ஸ்டியரிங்கும் மாட்டினால் காருக்குள்ளேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். அந்தச் சுகம் அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

என் மனைவி கிர்சி பெரிய மானிட்டர் கட்சி.

"ஒண்ணே ஒண்ணு பெருசா வாங்கி ஹால்ல மாட்டு. நீ வெளையாடாத நேரத்துல நான் ஏதாச்சும் பாத்துக்கறேன்."

"நான் எப்ப வெளையாடாம இருக்கேன்?" என்றேன்.

"அதத்தான் நானும் கேக்குறேன்," என்றாள்.

உண்மையில் இந்தப் பேச்சே எழுந்திருக்க வேண்டியதில்லை. மாடியில் எனக்கென்று ஓர் அறை இருந்தது. ஜனவரியில் என் மாமனார் ஐமோ பேருந்து நிறுத்தத்தில் பனிக்கட்டியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். தனியாக இருக்கும் மனிதர், வேறு எங்கே போவார்? மாவுக்கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அறையை முகம் சுளிக்காமல் விட்டுக்கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐமோ மாமா வாழ்நாளெல்லாம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். என் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, இவ்ளோ வேகமா போறியே, போய்ச் சேர்ற எடத்துல காப்பியாச்சும் குடுப்பாங்களா?" என்று கேட்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். எல்லாரையும் போல நானும் சிரித்திருக்கிறேன்.

ஹாலில் விளையாட முடியாது. கிர்சி குறுக்கும் நெடுக்கும் நடப்பாள், பாத்திரம் உருட்டுவாள். வீட்டில் ஆள் நடமாட்டமில்லாத இடம் என்று பார்த்தால் கீழே குளியலறையை ஒட்டிய சவுனாதான். வாரத்தில் சனிக்கிழமை ஒரு மாலை மட்டும் அடுப்புக் கல்லைச் சூடாக்கி அந்த வெக்கையில் வியர்த்துக் குளிப்பதற்காக ஒரு முழு அறை மற்ற ஆறு நாளும் சும்மா கிடக்கிறது. எங்கள் ஊர் யுவாஸ்கூலாவில் பாதி வீடுகளில் அதற்குள் குளிர்கால டயரும் பழைய பெட்டியும்தான் இருக்கின்றன. நான் டயரையா வைத்தேன்?

அளந்து பார்த்தேன். பெரிய மானிட்டர் அந்தக் குறுகலான சுவரில் அடங்காது. மூன்று சின்னது என்றால் சுவருக்கு ஒன்றாகக் கச்சிதமாக உட்காரும். அதோடு விவாதம் முடிந்தது. அளவுகோல் சொன்னதை நான் கேட்டேன், அவ்வளவுதான். வலது மானிட்டர் மட்டும் கல் அடுக்கிய மின் அடுப்புக்கு நேர் மேலே வந்தது. கற்கள் மேல் ஒரு பலகையைப் போட்டேன். காப்பிக் கோப்பை வைக்க வசதியாக இருந்தது.

அடுப்பின் ஃப்யூஸைப் பிடுங்கியிருக்கலாமே என்கிறீர்கள். ஃப்யூஸ் பெட்டி வாசலில் கோட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. அத்தனை கோட்டையும் எடுத்து வேறெங்காவது போட வேண்டும். புகை அலாரத்துக்கு ஏன் பேட்டரி இல்லை என்றும் கேட்டீர்கள். என் மௌஸுக்கும் அதே பேட்டரிதான்.

மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. சவுனாவை எடுத்துவிட்டோம் என்றால் மனிதர் நொறுங்கிப்போவார் என்று கிர்சி பயந்தாள். மாவுக்கட்டு இருக்கும்வரை பிரச்சினையில்லை. அதைப் பிரித்து ஊன்றுகட்டைக்கு மாறிய பிறகு, சவுனா போடலாமா என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்க ஆரம்பித்தார். அடுப்பு பழுது, ஆள் வர வேண்டும் என்றேன். அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் அந்தப் பொய்.

அன்றைக்கும் சனிக்கிழமை. கிர்சி வேலைக்குப் போயிருந்தாள். நான் ஒரு கேபிள் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். போன் அடித்தது.

"மாப்ள, பழுதாவது ஒண்ணாவது! கட்டையை ஊணிக்கிட்டு நானே கீழ போயி வெளிய இருக்குற சுவிட்சத் திருகினேன். செவப்பு லைட்டு சும்மா ஜம்முனு எரியுது. ரெண்டு மாசமா ஆளு வரணும் ஆளு வரணும்னியே, ஆளு மாடிலதான்யா உக்காந்திருந்தேன்."

"இப்ப எங்க இருக்கீங்க மாமா?"

"திரும்ப மேல வந்துட்டேன். ஏறறதுக்குள்ள தாவு தீந்துபோச்சு. சூடாகட்டும், துண்டோட எறங்கறேன். வர்றப்ப சாசேஜ் வாங்கிட்டு வா."

அப்போதே அணைக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்பார். பலகை, மானிட்டர், இரண்டு மாதப் பொய் எல்லாவற்றையும் போனில் எப்படி விளக்குவது? காலொடிந்த மனிதரை மறுபடியும் படி இறங்க வைப்பதும் நியாயமில்லை. சரி மாமா என்றேன். சாசேஜும் வாங்கினேன். பெரியவர் ஒன்று கேட்டால் தட்டுகிறவன் இல்லை நான். வரிசை கொஞ்சம் நீளம்.

வீட்டுக்குள் நுழைந்தபோது புகை குளியலறைக் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பலகை ஓரம் பற்றியிருந்தது. பெரிய தீ இல்லை. ஷவர் குழாய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஏன் தண்ணீர் அடிக்கவில்லை என்று உங்கள் ஆட்கள் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். மானிட்டரில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அவர்களில் ஒருவருக்காவது தெரியுமா? முதலில் மானிட்டரை எடுக்க வேண்டும், பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டும். யோசித்துச் செய்கிறவன் அப்படித்தான் செய்வான்.

வலது மானிட்டரைக் கழற்றினேன். அதற்குத்தான் ஆபத்து அதிகம். சுவிட்சை அணைக்காமல் போனது உண்மைதான். கை இரண்டும் மானிட்டரில் இருந்தது. வெளியே பனியில் என் கோட்டை விரித்து அதன் மேல் வைத்தேன்.

இரண்டாவதற்காக உள்ளே வந்தபோது மாடியிலிருந்து குரல் வந்தது.

"மாப்ள, என்னய்யா பொகை? சாசேஜக் கருக்கிட்டியா?"

"ஒண்ணுமில்ல மாமா, வந்துட்டேன்," என்றேன்.

பதில் சொல்லாமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் சொன்னேன். இடது மானிட்டர் சுலபமாக வந்தது, அதைக் கோட்டின் மறுபாதியில் வைத்தேன். நடு மானிட்டர்தான் படுத்தியது. மற்ற இரண்டும் அமுக்கினால் வந்துவிடும். இது திருகாணி போட்டு முடுக்கியது. அவசரப்பட்டால் திருகாணியின் தலை தேய்ந்துவிடும், பிறகு ஜென்மத்துக்கும் வராது. அதற்குள் மாமா இருமத் தொடங்கிவிட்டார். "தாபியோ, கட்டை எங்கயோ விழுந்துருச்சு, கண்ணு தெரியல, கொஞ்சம் மேல வாய்யா," என்றார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வர்றேன் மாமா, இன்னும் ஒரே ஒரு திருகாணிதான் என்றேன்.

நடு மானிட்டரோடு வெளியே வந்தால் பக்கத்து வீட்டு ஹில்க்கா நாயோடு நிற்கிறார்.

"தம்பி, உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"ஒரு நிமிஷம் இதப் புடிங்கம்மா. பனியில விரிச்ச கோட்டுல எடமில்ல."

வாங்கிக்கொண்டார். நல்ல மனுஷி. இரண்டு கையிலும் மானிட்டர், மணிக்கட்டில் நாய்க் கயிறு. அதனால்தான் அவரால் தீயணைப்புக்குப் போன் பண்ண முடியவில்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் அதைக் கீழே வைத்தாராம், அதுவும் வெறும் பனியில். மூலையில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. அவர் வயதானவர், நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பிறகு கூரைப் பலகை மொத்தமாகப் பிடித்துக்கொண்டது. காய்ந்த மரம் அல்லவா. ஐமோ மாமா படிக்கட்டின் மேல்படிவரை தவழ்ந்து வந்திருந்தார் என்று தீயணைப்புக்காரர்கள் சொன்னார்கள். தோளில் துண்டு இருந்ததாம். அதைக் கேட்டு நான் அழுதேன். கிர்சி என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாள். துக்கத்தில் இருக்கிறாள், போகப் போகப் புரிந்துகொள்வாள். அவளே கேட்கட்டும், பெரிய மானிட்டர் என்று அவள் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ளக் காத்திருக்கிறேன்.

ஆமாம், அந்த ஒரு தப்பை நான் மறைக்கவில்லை. குழுவிலும் நேற்று எழுதிவிட்டேன். இனி யார் கேட்டாலும் ஒரே பெரிய மானிட்டர் என்றுதான் சொல்வேன். ஒன்று என்றால் ஒரே நடை. தூக்கினோம், வெளியே வைத்தோம், வேலை முடிந்தது. அடுத்த நொடி மாடிக்கு ஓடியிருப்பேன், மாமாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருப்பேன். மூன்று வாங்கியதால்தான் நேரம் போய்விட்டது. அவரைக் கொன்றது அந்தத் தேர்வுதான்.

என்ன கேட்டீர்கள்? நான் உள்ளே போனது மூன்று முறை இல்லை, நான்கு முறை என்று ஹில்க்கா சொல்கிறாரா? சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மூன்று மானிட்டரும் வெளியே வந்த பிறகும் படிக்கட்டில் ஏறிப் போகிற அளவுக்கு வழி இருந்தது. நான்காவது முறை நான் போனது ஸ்டியரிங்கை எடுக்க.