சாமி படத்தடியில் விமான சர்ட்டிபிகேட்

சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனிலிருந்து ரயில் கிளம்பியதும், எதிர் சீட்டுப் பெண் தன் அம்மாவைக் கேட்டாள்.

“விமானம் பறக்கலாம்னு குடுத்த சர்ட்டிபிகேட்ட யாராவது சாமி படத்தடியில வெப்பாங்களாம்மா?”

“உன் பையில இருந்துச்சு. அப்பா ஆட்டோ எஃப்.சி.யும் அங்கதானே வெக்கிறோம்?”

“நேத்து நான் மறந்து எத்துக்கினு வந்துட்டேன். அது விமானத்துலயே இருக்கணும், இல்லாட்டி பறக்கக் கூடாது.”

“இன்னைக்கு உனக்கு விமானம் ஓட்டுற பரீட்சையாச்சே கண்ணு.”

“பரீட்சை வெக்கிறவரு மொதல்ல இதத்தான் கேப்பாரு. இல்லன்னு தெரிஞ்சிருக்கும் இந்நேரம்.”

அந்த அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள்.

“குங்குமம் பட்டிருக்குதே. தொடச்சிடட்டா?”

“வேணாம்மா, சீலு அழிஞ்சிடும்.”

முந்தானையை எடுத்தவள் அப்படியே மடியில் போட்டுக்கொண்டாள்.

“நீ பத்திரமா எறங்கணும்னுதான் கும்பிட்டேன்.”

“ஏற வுட்டாதானேம்மா எறங்குறது.”