மூடின கை

— சனிக்கிழமை காய்ச்சல் வரும்னு புதன்கிழமையே எப்படித் தெரிஞ்சுது, சுரேந்தர்?

— இல்லீங்க மேடம்… இப்பவே ஒடம்பு ஒரு மாதிரி இருக்குதுங்க. கணகணன்னு.

— கணகணன்னு இருக்கறவர் கான்டீன்ல ரெண்டாவது மத்தூர் வடையும் சாப்பிட்டுட்டு வர்றீங்க. சட்டையில இன்னும் தூள் இருக்கு.

— அது… வாய்க்கு ஏதாச்சும் ருசியா வேணும்போல இருந்துச்சுங்க.

— சரி, உக்காருங்க. காய்ச்சல் இல்ல. அடுத்தது என்ன?

— அடுத்ததுன்னா?

— அடுத்த காரணம். ஒண்ணு எடுபடலைன்னா சொல்றதுக்கு இன்னொண்ணு வெச்சிருப்பீங்கல்ல. பசங்களே வெச்சிருக்காங்க.

— …எங்க ஊரு மார்டள்ளியில அக்கா பொண்ணுக்குக் காதுகுத்துங்க மேடம். தாய்மாமன் மடியிலதான உக்கார வெச்சுக் குத்தணும். நானில்லாம எப்படிங்க…

— ஆடி மாசத்துலயா? அதுவும் போகட்டும். ஸ்கூல் தொறந்தன்னைக்கு அந்தப் பொண்ண இங்க கூட்டிட்டு வந்தீங்க. காதுல ஜிமிக்கி ஆடிட்டு இருந்துச்சு. நான்தான் நல்லாருக்குன்னு சொன்னேன்.

— அதெல்லாம் நெனப்பு வெச்சிருக்கறீங்களா…

— ஜிமிக்கி விஷயத்துல எனக்கு மறதி கிடையாது. இப்ப சொல்லுங்க, சனிக்கிழமைன்னா என்ன பயம்?

— பயமெல்லாம் இல்லீங்க.

— நம்ம டிரஸ்ட்டோட எல்லா ஸ்கூல்லேர்ந்தும் டீச்சருங்க வர்றாங்க. ஹால்ல சேர் போடச் சொல்லியாச்சு. நீங்க நடுவுல நின்னு, உங்க ஏழாங்கிளாஸ்ல மேத்ஸ் எப்படி நடக்குதுன்னு சொல்லப் போறீங்க. அவ்வளவுதானே?

— வேற யாராச்சும் பேசட்டுங்க. ரூபா மிஸ் நல்லாப் பேசுவாங்க. இல்லாட்டி போன தடவ மாதிரி பெங்களூர்லேர்ந்து அந்த டிரெய்னரையே…

— அந்தக் கோட்டுக்காரரா? எல்லார் சட்டையிலயும் சிரிச்ச மூஞ்சி ஸ்டிக்கர் ஒட்டி, பலூன் ஊதச் சொல்லி, "உங்களுக்குள்ள தூங்கற தலைவனை எழுப்புங்க"ன்னாராமே. ரூபா சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா. கடைசி வரிசையில பி.டி. மாஸ்டர் லிங்கப்பனையே அவரால எழுப்ப முடியலையாம்.

— பலூன் வெடிச்சப்பகூட எந்திரிக்கலீங்க.

— அதனாலதான் செக்ரட்டரி கிருஷ்ணராஜ் சார் உங்களக் கேட்டாரு. திங்கட்கிழமை உங்க கிளாஸ்ல வந்து உக்காந்தாரே, அதுலேர்ந்து அதே பேச்சு. "என்ன கேட்டாலும் எல்லாக் குழந்தையும் கை தூக்குது, நம்ம ஸ்கூல்ல நான் பாத்ததே இல்ல"ன்னு.

— அதுதானுங்க மேடம் பிரச்சன.

— எது?

— கை தூக்கறது.

— குழந்தைங்க கை தூக்கறது பிரச்சனையா?

— சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?

— கேட்டுட்டு முடிவு பண்றேன்.

— கதவச் சாத்திரட்டுங்களா?

— சாத்துங்க. ஒரு நிமிஷம், போன்… ஹலோ. ஹௌது, ஆமா, சனிக்கிழமைக்குத்தான். பிசிபேளாபாத்து. காரம் ஜாஸ்தி பேடா, வேண்டவே வேண்டாம், போன வாட்டி எல்லாரும் அழுதுட்டே சாப்பிட்டாங்களாம். ஆயிது, சரி… சொல்லுங்க சுரேந்தர்.

— அந்தக் கையெல்லாம்… நெஜம் இல்லீங்க.

— பின்ன? ரப்பர் கையா?

— ஐயோ, மேடம். ஜூன்ல நீங்க ஹெட்மிஸ்ட்ரஸா புதுசா வந்ததும், எல்லாக் கிளாஸ்லயும் கடைசி பெஞ்சுல வந்து உக்காருவேன்னு சொன்னீங்கல்ல. எனக்கு சோறு எறங்கலீங்க. என் கிளாஸ்ல கேள்வி கேட்டா அக்ஷதா ஒருத்திதான் கை தூக்குவா. மத்ததெல்லாம் ஃபேனப் பாக்கும். எனக்கு வேல இன்னும் பர்மனென்ட் ஆகல. அதனால பசங்ககிட்ட ஒரு ஏற்பாடு…

— என்ன ஏற்பாடு?

— மேடம் இருக்கறப்ப நான் எதக் கேட்டாலும் எல்லாரும் கை தூக்கணும். பதில் தெரிஞ்சவங்க விரல விரிச்சுத் தூக்கணும். தெரியாதவங்க மூடித் தூக்கணும். நான் விரிச்ச கையாப் பாத்துத்தான் கேப்பேன், மூடின கைப்பக்கம் வரவே மாட்டேன், பயப்படாதீங்கன்னு…

— அடப்பாவி.

— ஆமாங்க.

— அப்ப நான் மொதல்ல வந்தன்னைக்கு?

— விரிச்சது ஏதோ கொஞ்சந்தானுங்க. பாக்கியெல்லாம் மூடுனதுதான். நீங்க "வெரி குட் கிளாஸ்"னு சொல்லிட்டுப் போனீங்க. நான் நேராப் போயி குழாயில மூஞ்சியக் கழுவிக்கிட்டேன்.

— ம். அப்புறம்?

— "போதும்டா, இனி பழையபடி இருக்கலாம்"னேன். பசங்க விடலீங்க. மறுநாளு விகிதம் நடத்திட்டு, எப்பவும்போல "புரிஞ்சுதா?"ன்னு சும்மாக் கேட்டேன். திரும்பிப் பாத்தா, கிளாஸ் பூராவும் கோசு வெளஞ்ச மாதிரி மூடின கை. அதே கேள்விக்கு முந்துன நாளு வரைக்கும் "எஸ் சார்"னு ஒரே கொரல்ல கத்துனவங்கதானுங்க.

— என்ன பண்ணீங்க?

— சாக்பீஸ வெச்சுட்டு உக்காந்துட்டேன். வெக்கமாப் போச்சுங்க. இத்தன நாளு நான் யாருக்குத்தான் பாடம் நடத்துனேன்னு தோணிருச்சு. அப்புறம் எந்திரிச்சு மறுபடி நடத்துனேன். அதுக்கும் மூடியே இருந்தவங்ககிட்டப் போயி, "எதுவரைக்கும் தெரியும்?"னு மட்டும் கேட்டேன். தெரியாதது எதுன்னு கேட்டா கீழ பாக்கும் பாருங்க, தெரிஞ்சது எதுன்னு கேட்டா சொல்லிருதுங்க. அந்த எடத்துலேர்ந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். விரிச்ச கை ஒண்ணப் பக்கத்துல உக்கார வெச்சா, கன்னடமோ தமிழோ, அதுங்களே பேசி முடிச்சுருதுங்க. 

— பாதி மட்டும் தெரிஞ்சவங்க?

— அவங்களுக்கு ஒத்த விரல்னு வெச்சுப் பாத்தோம். ஒத்த விரல்னா பாத்ரூமுக்கு வேறயா… வினய்னு ஒரு பையன், நான் கேள்வியக் கேட்டதும் விரலக் காட்டிட்டு எந்திரிச்சே போயிட்டான். அதோட அத விட்டுட்டோம்.

— கடைசி பெஞ்சுல உக்கார்ற அந்தப் பாப்பாத்தி எப்படி இருக்கா?

— அவளத்தான் சொல்ல வந்தேனுங்க. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் விஜயநகர்ல அந்த அபார்ட்மென்ட் எழும்புற எடத்துல சென்ட்ரிங் வேல. போன வருஷம் பூராவும் அவ கொரல நான் கேட்டதில்ல. இப்ப தெனமும் எல்லாருக்கும் முன்னால தூக்கறா. மூடித்தான் தூக்கறா. ஆனா பரிசு வாங்கப் போறவ மாதிரி தூக்கறா.

— திங்கட்கிழமை கிருஷ்ணராஜ் சார் அவளத்தானே எழுப்பினாரு?

— அத ஏனுங்க கேக்கறீங்க. நான் அக்ஷதாவக் கூப்பிட வாயெடுக்கறேன், அவரு "நீ சொல்லம்மா"ன்னு கைய நீட்டிட்டாரு. நீட்டுனது மூடின கைக்கு. எனக்கு உசுரு போயிட்டு வந்துச்சு. அவ எந்திரிச்சு நின்னு, "கொத்தில்லா சார்"ங்கறா. தெரியாதுங்கறத அப்படிக் கணீர்னு, சிரிச்சுக்கிட்டே. அதோட விட்டாளா? "எதுவரைக்கும் தெரியும்னு சொல்லட்டா?"ன்னு அவரையே கேக்கறா. பாதிக் கணக்க போர்டுல போட்டுட்டு, "இதுக்கு மேல அக்ஷதா வரணும் சார்"னுட்டு வந்து உக்காந்துட்டா.

— அவரு கைதட்டினாரே.

— ஏமாந்துபோயித் தட்டுனாருங்க. இப்ப அத்தன டீச்சருங்களுக்கு முன்னால நின்னு நான் என்ன சொல்றது? "ஹெட்மிஸ்ட்ரஸ ஏமாத்த ஒரு வழி பண்ணேன், அது நல்லதாப் போச்சு"ன்னா? வேலைக்கு வேட்டு. மறைச்சுப் பேசலாம்னா… பசங்க தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுதுங்க, அதுங்க பேரச் சொல்லி நான் பொய் பேசணும். அது ஆகாதுங்க மேடம். அதுக்குத்தான் காய்ச்சல்.

— காதுகுத்தும்.

— காதுகுத்தும்.

— நான் ஒண்ணு சொல்லட்டா? காலைப் பிரேயர்ல ஒரு பல் டாக்டர் வந்து பேசினாரே, நெனப்பிருக்கா?

— இருக்குதுங்க. நான் அன்னைக்கு லேட்டு.

— தெரியும். "ரெண்டு வேளையும் பல் விளக்கறவங்க கை தூக்குங்க"ன்னாரு. மத்த கிளாஸ்ல அங்கங்க தூக்கினாங்க. உங்க கிளாஸ் மொத்தமும் தூக்கிச்சு. பாதி விரிச்சு, பாதி மூடி. டாக்டர் ஏதோ போராட்டம்னு நெனச்சு மைக்க விட்டுட்டுப் பின்னால நகந்துட்டாரு.

— ஐயையோ…

— பிரேயர் முடிஞ்சதும் அக்ஷதாவக் கூப்பிட்டுக் கேட்டேன். பெருமையா எல்லாத்தையும் சொன்னா. "எங்க சார் கண்டுபிடிச்சது மேடம்"னு.

— அப்ப… இத்தன நாளா உங்களுக்குத் தெரியுங்களா? தெரிஞ்சுக்கிட்டேதான் இப்ப "அடப்பாவி"ன்னீங்களா?

— நல்லா இருந்துச்சுல்ல? காலேஜ்ல டிராமா போட்டிருக்கேன். நீங்களா வந்து சொல்வீங்களான்னு பாத்தேன். சொல்லிட்டீங்க.

— தெரிஞ்சுமா செக்ரட்டரிய என் கிளாஸுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?

— தெரிஞ்சதாலதான். மத்த எடத்துல அவருக்கு விரிச்ச கைய மட்டுந்தான் காட்டுவாங்க. ஒரு கிளாஸ்லயாவது யாருக்குப் புரியலைன்னு அவர் கண்ணால பாக்கட்டும்னு நெனச்சேன். கார்ல ஏறும்போது விஷயத்தச் சொல்லிட்டேன்.

— சொல்லிட்டீங்களா? என்ன சொன்னாருங்க?

— டிரைவர் திரும்பிப் பாக்கற அளவுக்குச் சிரிச்சாரு. அப்புறம் கண்ணாடிய இறக்கி, "டிரஸ்ட் மீட்டிங்ல இத வெச்சா எங்க கையெல்லாம் எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க மேடம்"னாரு. மறைக்காம அப்படியே பேசச் சொன்னாரு. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. போதுமா?

— எனக்கு… என்ன சொல்றதுன்னே தெரியலீங்க.

— எதுவரைக்கும் தெரியும்?

— என் கேள்வியையே எங்கிட்டத் திருப்பி விடறீங்களா…

— அப்ப சனிக்கிழமை வர்றீங்க.

— வர்றேனுங்க. ஆனா அந்த டீச்சருங்ககிட்ட இது நடக்காதுங்க மேடம். அவங்கவங்க ஹெட்மாஸ்டர் முன்வரிசையில உக்காந்திருப்பாங்க. "தன் கிளாஸ நடத்தத் தெரியாம முழிக்கறவங்க கைய மூடித் தூக்குங்க"ன்னா ஒரு டீச்சர் தூக்குவாங்களா? எல்லாம் விரிச்ச கையாத்தான் இருக்கும். அந்தப் பசங்களுக்கு இருக்கற தைரியம் நமக்கு ஏதுங்க.

— ஒரு மூடின கை கண்டிப்பா இருக்கும். முன்வரிசையிலேயே.

— லிங்கப்பன் சாருங்களா? தூக்கத்துல அவரு கை எப்பவும் மூடித்தான்…

— நான்.

— நீங்க எதுக்குங்க? …மேடம், ஒண்ணு கேட்டா தப்பா நெனக்க மாட்டீங்களே. எல்லாக் கிளாஸுக்கும் ஒரு வாட்டிதான் போனீங்க. எனக்கு மட்டும் வெள்ளிக்கிழமை தவறாம வந்து கடைசி பெஞ்சுல உக்கார்றீங்க. நான் திருடனாட்டப் பதறிக்கிட்டே போர்டுல எழுதறேன். விஷயம் முன்னாலயே தெரியும்னா, அப்புறம் எதச் சோதிக்க வந்தீங்க?

— சோதிக்க வரல, சுரேந்தர். நான் இங்கிலீஷ் டீச்சர். விகிதம், சதவீதம் எல்லாம் சின்ன வயசுலேர்ந்தே எனக்கு வராது. டிரஸ்ட் மீட்டிங்ல ரிசல்ட்டுன்னு படம் படமாக் காட்டும்போது எல்லாம் புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிட்டு வந்துடுவேன். உங்க ஏற்பாடு தெரிஞ்சதுக்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, யாரும் பாக்கலைன்னு நெனச்சு, பெஞ்சுக்குக் கீழ நானும் கைய மூடிப் பாத்தேன். நீங்க கவனிக்கல. பக்கத்துல இருந்த பாப்பாத்தி பாத்துட்டா. "எதுவரைக்கும் தெரியும் மேடம்?"னு மெதுவாக் கேட்டா. "ஒண்ணுமே தெரியாதும்மா"ன்னேன். "அப்ப கிட்ட வந்து உக்காருங்க, மொதல்லேர்ந்து பாக்கலாம்"னா.