ஈரல் கிண்ணம்

தாயம்மா: மூஞ்சத் திருப்பாதேக்கா. இந்தக் கிண்ணம் காலியாவாம நான் ஊட்டுக்குப் போவ மாட்டேன்.

அன்னம்மாள்: இன்னா அது?

தாயம்மா: ஆட்டு ஈரல். மொளவு தட்டிப் போட்டுகீறேன். எங்க ஊட்டு அடுப்புல ஆக்குனது... ஆவாதுன்னா சொல்லிடு.

அன்னம்மாள்: ஒன் அடுப்பு ஆவாதுன்னு நான் எப்போ சொன்னேன்? நோன்புடி. எம்மவன் ராஜசேகரன் பர்மா சண்டையிலேர்ந்து திரும்புற வரைக்கும் கவுச்சி தொட மாட்டேன்னு அம்மனுக்கு வேண்டிகினு கீறேன். ஒனக்குத் தெரியாதா?

தாயம்மா: தெரியும். புள்ள வர்றப்போ வாரி அணைக்க நீ இருக்க வேணாமா?

அன்னம்மாள்: மீசை வெச்ச சிப்பாய நான் இன்னாத்த வாரி அணைக்கிறது...

தாயம்மா: சிரிச்சா உட்ருவேனா? ரத்தத்துல வெள்ளை அணு ரொம்ப கம்மி, ஒரு ஜுரம் வந்தாலே தாங்காதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?

அன்னம்மாள்: சொன்னாரு. ஈரல் சத்து ஊசி ஒண்ணு கீதாம். ஊசின்னா நோன்புக்குக் கொறையில்ல பாரு...

தாயம்மா: அது சீமையிலேர்ந்து வரணும். சண்டையில கப்பலே வர்ல. பட்டணம் பூரா கேட்டாச்சு. ஊசி கெடைக்கிற வரைக்கும் ஈரல், நல்லி எலும்பு ரசம், இதான் மருந்துன்னு கம்பவுண்டரு சொல்லிட்டாரு.

அன்னம்மாள்: கம்பவுண்டர நீ எப்போ பாத்தே?

தாயம்மா: ...பாத்தேன்.

அன்னம்மாள்: வேற இன்னா சொன்னாரு?

தாயம்மா: ஒண்ணும் சொல்லல. எதுனால கொறஞ்சுதுன்னு டாக்டர் ஒங்கிட்ட சொன்னாரா?

அன்னம்மாள்: ...ஏரித் தண்ணி ஒத்துக்கலயாம்.

தாயம்மா: பொறந்ததுலேர்ந்து குடிக்கிற கொரட்டூர் ஏரித் தண்ணியா?

அன்னம்மாள்: அதான் சொல்றேனே.

தாயம்மா: செரி. முட்டி வலி எப்டி கீது? எம்புருசன் டவுன்லேர்ந்து வாங்கியாந்த மாத்திரை இன்னும் கொஞ்சம் கொண்டாரட்டா?

அன்னம்மாள்: வேணாம். வலியே இல்ல.

தாயம்மா: செவுத்தப் புடிச்சிகினு வந்துதானே கதவத் தொறந்தே?

அன்னம்மாள்: அது... கால் மரத்துப் போச்சு. மாத்திரப் பேச்ச உடு.

தாயம்மா: உட்டேன். ஒரு வாய் துன்னு.

அன்னம்மாள்: அம்மன் கேட்டா இன்னா பதில் சொல்லுவேன்?

தாயம்மா: நான் சொல்லிட்டேன்.

அன்னம்மாள்: என் நோன்புக்கு நீ எப்டிடி சொல்லுவே? செரி... மொதல்ல நீ ஒரு துண்டு வாயில போடு. பாவத்த ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம்.

தாயம்மா: எனக்கு வேணாம்.

அன்னம்மாள்: ஈரல்னா உசுர உடுவியே நீ? நீ துன்னாத்தான் நான் துன்னுவேன்.

தாயம்மா: அக்கா... ஒன் ரத்தத்தக் கெடுத்தது தண்ணியில்ல, நான் குடுத்த மாத்திரை. எம்மனசு நோவும்னு நீ மறைச்சே. கம்பவுண்டரு சொன்னதும் நேரா கோயிலுக்குப் போயி ஒன் நோன்ப எம்மேல ஏத்திகினேன். ராஜசேகரன் வர்ற வரைக்கும் கவுச்சி ஆவாதது எனக்குத்தான்... வாயத் தொற.