கொலுசு போட்ட பூநாரை

முத்தையாபுரத்தில் நான் ஏறிய காலை டவுன் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. இன்னொரு பஸ் விட எவனுக்கும் மனசில்லை. உப்பள வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் என்னை நெருக்கிக்கொண்டு பேசினார்கள்.

“ஏளா செல்லம், நேத்து ஒரு பூநாரை காலுல கொலுசு போட்டு வந்துச்சு!”

“வெயில்ல ஒனக்கு மூளை உருகிட்டு, மாரி.”

“நெசமா! மஞ்ச வளையம், அதுல எழுத்து. பறவை எண்ண வந்தாருல்லா காலேஜ் சாரு, அவருக்குப் போன்ல படம் அனுப்பினேன். எந்த நாட்டுல மாட்டுன வளையம்னு எழுத்த வச்சுச் சொல்லிரலாமாம். படத்துல எழுத்து தெரியல. இன்னைக்குப் பத்து மணிக்கு, தூரத்துல உள்ளதப் பாக்குற பெரிய கண்ணாடியோட வாராரு. அதுவரைக்கும் அது ஓடைக்கரைப் பாத்தியிலயே நிக்கணும். பங்குனி முடியப் போவுது, அது ஊரப் பாத்துப் பறந்துட்டா அவ்வளவுதான்.”

“பறவை இறங்குனா பாத்தி கலங்கும். தகரம் தட்டி விரட்டலன்னா கணக்கப்பிள்ளை நம்மள விரட்டிருவான்.”

“இன்னைக்குத் தகரம் தட்டுற முறை ஒனக்குத்தான?”

இறங்கும் இடம் வந்ததும் செல்லம் மாரியை இடித்தாள்.

“தகரத்தக் காணலன்னு சொல்லுதேன். பத்து மணி வரைக்கும் தேடுதேன். நீ முன்னால ஓடி அத எடுத்து ஒளிச்சு வையி.”