கூர்காது எழுதிய விமர்சனம்

ஹலோ... அக்கா, நான்தான். ... இல்ல, ஒண்ணும் ஆகல, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். ... ஆபீஸ்லதான். மாடிப்படியில நின்னு பேசறேன். உள்ள பேசினா எல்லார் காதும் என் பக்கந்தான் இருக்கும். ... ஆமா, ஆமா, சாப்பிட்டாச்சு.

அத்தான் காலையில கூப்பிட்டார். ... ஆமா, சொல்லிட்டார். நீ வயலின் வாசிச்சு 'மாடிவீட்டுக்காரி'ங்கற பேர்ல நெட்டுல ஒரு ஆல்பம் போட்டிருக்கேன்னு... அவரைத் திட்டாதே. ... யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னுதான் சொல்லியிருந்தே, தெரியும். முக்கியமா என்கிட்ட. ... இல்ல, கோவம் இல்லக்கா. நான் ஆரம்பிச்சா விளக்கிக்கிட்டே இருப்பேன்னு பயந்திருப்பே. நியாயந்தான்.

அதை எடுத்துடப் போறியாமே, இன்னிக்கு சாயங்காலம். ரெண்டாவது ஆல்பமும் வேண்டாம்னுட்டியாம். ... கூர்காதுன்னு யாரோ ஒருத்தன் எழுதின விமர்சனத்துக்காக. ... ம். ... அத்தான் படிச்சுக் காட்டினார். ... வேண்டாம், நீ வேற படிக்காதே. ... அக்கா, படிக்காதே. 'சுருதியே சேரவில்லை. இவர் இன்னும் சில வருடம் வீட்டுக்குள்ளேயே வாசிக்கலாம்.' தெரியும்.

... எப்படி ஒரு வார்த்தை மாறாம சொல்றேன்னா... இரு. முதல்ல அந்தப் பாட்டு சைட் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடறேன், அப்பத்தான் புரியும். மாசாமாசம் சந்தா கட்டினா நாப்பது பாட்டு டவுன்லோட் பண்ணிக்கலாம். பாட்டு எவ்வளவு நீளம்னு அவங்க பார்க்கறதில்ல. மூணு நிமிஷப் பாட்டும் ஒண்ணுதான், அம்பது நிமிஷக் கச்சேரியும் ஒண்ணுதான். அதனால நான் பழைய ஆளுங்களோட நீளமான ரெக்கார்டிங்கா பார்த்துப் பிடிப்பேன். கடையில கிடைக்காது, ரேடியோவுல வராது, எப்பவோ யார் வீட்டுக் கூடத்துலயோ பதிவு பண்ணினது. கேட்டா அன்னிக்குப் பூரா வேற வேலை ஓடாது. அதுக்குப் பக்கத்துலயே உன்னை மாதிரி வீட்டுலேர்ந்து தனியா போடறவங்களும் வருவாங்க. ... வர்றேன், விஷயத்துக்குத்தான் வர்றேன். நாப்பது எனக்குப் பத்தல. புது ஆளுங்களைப் பத்தி ஒரு விமர்சனம் எழுதினா ரெண்டு பாட்டு கூடத் தருவாங்க. ... ம். அதேதான்.

கூர்காது நான்தான்.

... அக்கா. ... ஆமா, நானேதான்.

... எதுக்கு சிரிக்கறே? ... சிரிக்காதேக்கா. ... என்னது, மூணு வாரமாவா? தினம் ஒரு மணி நேரம், சுருதிக்கு மட்டுமா சாதகம் பண்றே? ... 'ஒருத்தனாவது உக்காந்து முழுசா கேட்டிருக்கான்'னா நினைச்சே. ... அது நானா இருந்தது உனக்கு சந்தோஷமா? ... அப்படிச் சொல்லாதே. கூசுது.

ஏன்னா நான் கேட்கல.

... கேட்கலக்கா. ... பாதி கூட இல்ல. வாங்கறதுக்கு முன்னாடி அரை நிமிஷம் சாம்பிள் போடுவாங்க. அது மெஷின் தானா வெட்டறது. எந்தப் பாட்டா இருந்தாலும் முதல் அரை நிமிஷம். நீ முதல் பாட்டுல, வாசிக்கறதுக்கு முன்னாடி தந்தியை முறுக்கி சுருதி சேர்க்கறதை அப்படியே விட்டிருக்கே. ... நீ வேணும்னேதான் விட்டிருக்கேன்னு இப்பத் தெரியுது. எனக்கு அந்த அரை நிமிஷம் மட்டுந்தான். சுருதி சேர்க்கறதைக் கேட்டுட்டு சுருதி சேரலன்னு எழுதிட்டேன்.

... ஆமா. ... ஆமா. ... பஸ்ஸுல. ரெண்டு ஸ்டாப்புக்கு நடுவுல. ... கீழ ரெண்டு பேர் 'தேர்ந்த காது'ன்னு பாராட்டி வேற எழுதியிருந்தாங்க. உச்சி குளிர்ந்து போயிருந்தேன். ... திட்டிடுக்கா.

... இன்னிக்குக் கேட்டேன். அத்தான் போனை வச்சதும், ஏழு பாட்டும், இதே படியில உக்காந்து. ... நல்லாயிருக்குன்னு சொன்னா நீ நம்பமாட்டே. ... நானே நம்பமாட்டேன், உன் இடத்துல இருந்தா. நாலாவதுல நீ வேகத்தைக் குறைக்கற இடத்துல வில்லை... ... சரி. விளக்கல.

அதை அழிச்சிடறேன். அழிச்சுட்டு அஞ்சு நட்சத்திரம் போட்டு புதுசா... ... வேண்டாமா. ... நான் எழுதினா நாலு பேர் வாங்கு... ... சரி. சரி. எழுதல. பின்ன என்ன பண்ணட்டும்?

... எத்தனைன்னா? ... மொத்தம் இருநூத்துப் பதிமூணு விமர்சனம். ... இல்ல, எல்லாத்தையும் கேட்டுட்டு எழுதல. ... சாம்பிள் மட்டும் கேட்டு எழுதினது... நூத்து நாப்பது இருக்கும். ... அவங்க யாருன்னு எனக்கு எப்படிக்கா... ... ம். ஆமா. அவங்களும் யாருக்கோ அக்காதான். ... ம்.

... ஒவ்வொண்ணுக்கும் கீழ, கேட்காம எழுதினேன்னு போடணுமா? எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் கூர்காது சொன்னா வாங்கறவங்க. மேனேஜர் உட்பட. ... மாட்டேன்னு சொல்லல. ... நான் எழுதிட்டா நீ ஆல்பத்தை எடுக்கமாட்டியே? ... சரி. பேரம் பேசல.

இரு, திறக்கறேன். ... உன்னோடதுதான் முதல்ல. ... அடிச்சுக்கிட்டே சொல்றேன். 'இந்த ஆல்பத்தை நான் கேட்காமலே எழுதினேன். முதல் அரை நிமிடம் மட்டுமே கேட்டேன். மாதிரிப் பகுதி எப்படி வெட்டப்படுகிறது என்றால்'... ... அது வேண்டாமா. ... எடுத்துட்டேன். ... அனுப்பிட்டேன்.

அக்கா, ஒண்ணு சொல்லணும். நீ சாயங்காலம் ஆல்பத்தை எடுத்துட்டா அந்தப் பக்கமே போயிடும். இப்ப நான் எழுதினதும் கூடவே போயிடும், ஒருத்தர் கண்லயும் படாது. ... எனக்கு வசதிதான். அதனாலதான் சொல்றேன்.

... எடுக்கலையா? ... ம். எனக்காக இல்ல. தெரியும். நாலு பேர் படிக்கட்டும்னு. ... ம்.

அடுத்தது... ஒரு பொண்ணு, குழல் வாசிக்கறாங்க. ... என்ன எழுதியிருக்கேன்னு படிக்கணுமா? ... 'மூச்சு போதவில்லை.' ... தெரியாதுக்கா. போதுதா போதலையான்னு எனக்குத் தெரியாது. ... அடிக்கறேன். 'இந்த ஆல்பத்தை நான் கேட்காமலே'... நீ கொஞ்ச நேரம் லைன்லயே இரேன். தனியா அடிக்க என்னமோ... ... அக்கா?

... ஹலோ?