பதில் மேல் ஏறிய லாரி

திருவொற்றியூர் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு மீன்காரப் பெண்கள் அமர்ந்திருந்தார்கள்.

"சீனாக்காரன் சாமி பதில் சொல்லிச்சு. அதும்மேல லாரி ஏறிடுச்சு," என்றார் மூத்தவர்.

"அந்தக் கோயில இட்ச்சிட்டு லாரி எடை போடற மேடை கட்டிட்டானுங்களே, யக்கா."

"சாமி எங்க பூடும்? பேரனுக்கு அங்கதான் மொட்டைன்னு வேண்டிக்கினேன். இப்ப மாரியம்மனாண்ட அடிக்கட்டுமான்னு கேட்டு, மேடையில ரெண்டு சிப்பிய வீசுனேன். கப்பல்ல வந்த சீனாக்காரங்க அப்டித்தான் கேப்பாங்க. ஒண்ணு குப்புற, ஒண்ணு மல்லாக்க வுயுந்தா சரின்னு அர்த்தம்."

"எப்டி வுயுந்துச்சு?"

"பாக்கறதுக்குள்ள லாரி ஏறி மாவாப்பூட்ச்சு."

"இன்னொரு தபா வீசு."

"சொன்ன பதில மறுபடி கேட்டா கோச்சுக்கும்."

"நாளைக்கு அவன அம்மாம் நீள முடியோட இஸ்கூல்ல சேக்கணுமே, இன்னா பண்ணுவ?"

"ரெட்டை ஜடை போட்டு அனுப்பறேன். பதில் தெரியற வரைக்கும் பொட்டப் புள்ளைங்க வரிசையில நிக்கட்டும்."