போட்டுல எத்தனை பேரு?

இல்ல தம்பி, ரெண்டு போட்டும் ஒண்ணுதான்னு மட்டும் சொல்லிடாதீங்க. நாலு சனிக்கிழமையா வந்து பாக்கறேன், எனக்குத் தெரியாதா? கீழ தண்ணியில மிதக்கறதுக்கு அதே ரெண்டு அலுமினியக் குழாய், மேல அதே தட்டைத் தரை, சுத்தி அதே சோபா, அதே துணிக் கூரை. எல்லாம் ஒத்துக்கறேன். ஆனா அந்த நீலத்துக்குக் கதவு முன்னாடி இருக்கு, இந்தச் சாம்பலுக்கு சைடுல இருக்கு. நீலத்துல ஒம்பது பேருன்னு தகடு அடிச்சிருக்கு, இதுல பத்து. ஒரு ஆளு வித்தியாசம் உங்களுக்குச் சின்ன விஷயமா? முப்பத்தி நாலு வருஷம் லிப்ட் மெக்கானிக்கா இருந்தவன் நான். என்கிட்டயே தகட்டைப் பத்திப் பேசறீங்களே!

ஆமா, லிப்ட்தான். ஆபீஸு, ஆஸ்பத்திரி, இருபது மாடிக் குடியிருப்பு, எதையும் விட்டு வெச்சதில்ல. உள்ள தகடு இருக்கும் பாருங்க, எட்டு பேரு, இத்தனை கிலோன்னு, அதை ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. கடைசியா ஒரு மனுஷன் வயித்தை எக்கிக்கிட்டு உள்ள வருவாரு, மணி அடிக்கும், எல்லாரும் அவரையே முறைப்பாங்க. அவரு பாவம், ஒல்லியா இருப்பாரு. உண்மையான பாரம் மூலையில எனக்கென்னன்னு கூரையைப் பாத்துக்கிட்டு நிக்கும். நிறைய பாத்திருக்கேன்.

டீயா? குடுங்க, வேணாம்னா சொல்லப்போறேன். சக்கரை கம்மி... பரவால்லையே, நான் சொல்லாமலே போட்டிருக்கீங்க. போன வாரம் சொன்னதை ஞாபகம் வெச்சிருக்கீங்களா? சரி சரி.

நல்ல வியாபாரிதான் நீங்க, ஆனா ஒரு விஷயத்துல எனக்கு உங்க மேல கோவம். முத வாரம் நான் வந்தப்ப என்ன சொன்னீங்க? சார், எட்டு பேருக்கு நீலமே தாராளம், சாம்பலு வேண்டாத செலவுன்னீங்க. அதோட நிக்காம, நீலத்துக்குக் கதவுக் கொக்கி கொஞ்சம் தகராறு, மாத்தித்தான் தருவோம்னு நான் கேக்காமலே சொன்னீங்க. கேக்காத குறையைச் சொல்லிக் குடுக்கற கடைக்காரரை நான் இப்பத்தான் பாக்கறேன். வீட்டுக்குப் போயும் அதையேதான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். கோவம் எதுக்குன்னா, எட்டுன்னு அவ்வளவு சுலபமா சொல்லிட்டீங்களே, அதுக்குத்தான்.

என்ன? எட்டுன்னு சொன்னதே நான்தானா? ஆமாய்யா, நான்தான் சொன்னேன். அதுக்கடுத்த வாரம் ஒம்பதுன்னேன். போன வாரமும் ஒம்பது. இன்னிக்கு பத்துங்கறேன். சிரிங்க, நல்லா சிரிங்க. இன்னும் ரெண்டு வாரம் விட்டா ஒரு கல்யாண வீட்டையே ஏத்திடுவேன்னு நெனைக்கிறீங்க. அதெல்லாம் இல்ல, பத்தோட நிறுத்திக்குவேன். அநேகமா.

அது என் வீட்டுக்காரம்மாவால வந்த வினை. ரெண்டு வருஷமாச்சு தம்பி, அவ எங்கயும் வர்றதில்ல. முன்னாடியெல்லாம் ஞாயித்துக்கிழமை ஆனா கூடையில சாப்பாட்டைக் கட்டி வெச்சுக்கிட்டு வாசல்ல நிப்பா, என்ன இன்னும் கிளம்பலன்னு. இப்ப, பூங்காவுக்குப் போலாமான்னு நான் கேட்டா, எல்லாரும் வர்றப்ப சொல்லுங்க, வர்றேன். பேரப்பசங்க பொறந்த நாளு, ஹோட்டலுக்குப் போலாமா? எல்லாரும் வர்றாங்களா? சண்டை கிடையாது, கத்தல் கிடையாது. சிரிச்ச முகமாத்தான் சொல்லுவா. அதுதான் எனக்குத் தாங்கல. கத்துனா திருப்பிக் கத்தலாம். இந்தப் போட்டு விஷயத்தை எடுத்தப்பகூட ரொம்ப ஆசையா படத்தையெல்லாம் பாத்தா. பாத்துட்டு, இதுல எத்தனை பேரு ஏறலாம்னா. எட்டுன்னேன். நீங்க போயிட்டு வாங்கன்னுட்டு எழுந்து போயிட்டா.

எல்லாரும்னா எங்க பொண்ணு. வேற யாரு?

கதையெல்லாம் பெருசா இல்ல. அவளுக்கு ஒருத்தரைப் பிடிச்சிருந்துது. எங்ககிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு, அங்கருந்து எனக்கு போன் பண்றா. நான் அப்ப ஒரு லிப்ட் குழிக்குள்ள நிக்கறேன், கையெல்லாம் கிரீஸு. அப்பா, கல்யாணம் பண்ணிக்கிட்டேன்பாங்கறா. எனக்கு மூக்கு மேல கோவம் வந்துடுச்சு. எனக்குப் பொண்ணே இல்லன்னு கத்திட்டேன். அந்தக் குழிக்குள்ள கத்துனா பத்து மாடிக்கும் கேக்கும் தம்பி. மேல நின்ன வாட்ச்மேன் எட்டிப் பாத்தாரு.

அவரு யாரு, எப்படிப்பட்டவருன்னு ஒரு வார்த்தை நான் கேக்கல. அந்தப் பையன் மேல எனக்கு என்ன பகை சொல்லுங்க? முன்னப்பின்ன பாத்ததுகூட இல்ல. எங்கிட்ட முன்னாடியே சொல்லலயேன்னுதான். சைக்கிள் பழகுனது, பல்லு விழுந்தது, பரீட்சையில கோட்டை விட்டது, எல்லாத்தையும் முதல்ல அப்பாகிட்டதான் சொல்லுவா. இதை மட்டும் கடைசியா சொன்னா. வலிச்சுது. வலிச்சுதுன்னு சொல்லத் தெரியல, கத்திட்டேன். அவ்வளவுதான் சங்கதி.

நீங்க எதுக்கு இப்ப கீழ பாக்கறீங்க? உங்களைத் திட்டலையே. வாங்க, இன்னொரு தடவை ஏறிப் பாக்கலாம். இருங்க, நானே முதல்ல ஏறுறேன். என் பழக்கம் அது. ரிப்பேர் முடிச்ச லிப்ட்ல வேற யாரையும் ஏத்த மாட்டேன், முதல்ல நான்தான் நிப்பேன்.

ம்... நல்லாருக்கு. குதிச்சாகூட ஆடல. இந்தச் சைடு கதவு கரையோட மட்டமா வந்து நிக்குது பாருங்க, காலைத் தூக்கி வைக்கவே வேண்டாம். நீலத்துல முன்னாடி ஒரு படி இறங்கணும். நம்ம வீட்டுல ஒருத்தருக்கு இப்ப படி ஆகாது. இந்த நீளச் சோபாவும் அப்படித்தான், காலை நீட்டி சாஞ்சுக்கலாம், தலைக்கு மேல நிழல் இருக்கு. நீங்களும் போன வாரம் நான் கேட்டேன்னு கூரையை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டி வெச்சிருக்கீங்க. கவனிக்காம இல்ல.

சரி, தகட்டுக் கணக்கைப் பாத்துடலாம். பத்து பேருன்னு போட்டா மட்டும் போதாது, கிலோவும் பாக்கணும். எழுதியே கொண்டாந்துட்டேன். நான் எழுபத்தி எட்டு. வீட்டுக்காரம்மா அறுபத்தி அஞ்சு, அவ சொன்னது, நீங்க வேணும்னா கூடப் போட்டுக்கங்க, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. பெரிய பையன் எம்பத்தி ரெண்டு. மருமக அறுபது. பேரப்பசங்க, ரெட்டை வாலுங்க, ரெண்டும் சேந்து நாப்பத்தி நாலு, ஒரு இடத்துல உக்காராதுங்க, அதனால எந்தப் பக்கம் சேக்கறதுன்னே தெரியல. என் மச்சினி அறுபத்தி எட்டு. அவ புருஷன், என் சகலை, நூத்திப் பத்து. அவர்தான் போட்டுல பாதிப் பங்கு போடறாரு, பாதி இடமும் அவருக்கே. அவரை நடுவுல உக்கார வெச்சிடணும், இல்லன்னா மீன்களோட பேச ஆரம்பிச்சிடுவோம். ஆச்சா, எட்டு பேரு. ஐநூத்தி ஏழு.

ஒம்பதாவது ஆளு... உங்க வெயிட்டு எவ்வளவு?

சொல்லுங்க, வெக்கப்படாதீங்க. எழுபத்தி ரெண்டு. எழுதிக்கிறேன். ஐநூத்தி எழுபத்தி ஒம்பது.

இல்ல இல்ல, இது ஓட்டிக் காட்டறதுக்காக இல்ல. ஒரு நாளு ஓட்டிக் காட்டறவங்க வெயிட்டை எதுக்கு எழுதப் போறேன்? வீட்டாளுங்க கணக்குல உங்களைச் சேக்க வேணாமா, மாப்ள?

பாத்து, பாத்து! டீ கொட்டுது. உக்காருங்க. இங்க, பக்கத்துல உக்காருங்க.

ம்? நான் யாருன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? எப்பலருந்து? முத வாரமேவா! அட, கடை ஃபாரத்துல என் பேரை எழுதுனப்பவே தெரிஞ்சிடுச்சா? அடப்பாவி... மன்னிச்சுக்கங்க, வாயில வந்துடுச்சு. நாலு வாரமா ஒண்ணுமே தெரியாத மாதிரி சார், சார்னுட்டு! நானும் ரொம்ப சாமர்த்தியமா நடிக்கறதா நெனைச்சுக்கிட்டு, போட்டுக் கதவை நாப்பது தடவை திறந்து மூடுனேனே. ஏன் சொல்லல? நானா சொல்லட்டும்னா? அதுவும் சரிதான். நான் சொல்ல வேண்டியதுதான்.

நான் எப்படிக் கண்டுபிடிச்சேனா? உங்க மாமியார் சமையக்கட்டுல குழாயைத் திறந்து விட்டுட்டுத்தான் பொண்ணுகிட்ட போன் பேசுவா, எனக்குக் கேக்கக் கூடாதாம். லிப்ட் மோட்டார் சத்தத்துலயே முப்பத்தி நாலு வருஷம் ஆளுங்க பேசறதைக் கேட்டவன் நான். ஏரிக்கரையில போட்டுக் கடையில வேலைன்னு காதுல விழுந்துது. அவ தூங்குறப்ப போனை எடுத்து உங்க படத்தைப் பாத்தேன். உங்க வீட்டுக்கே வந்திருக்கலாம், வரல. கதவைத் திறந்தா என்ன பண்றது, திறக்கலன்னா என்ன பண்றது, ரெண்டுமே பயமா இருந்துது. கடைக்கு யாரு வேணும்னாலும் வரலாம்ல, அதான்.

அழாதீங்க மாப்ள, வெளிய ஆளு நிக்கறாங்க, விலையைக் கேட்டு அழறீங்கன்னு நெனைச்சுக்கப் போறாங்க. நானே பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். சாம்பலையே எழுதிடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை. பொண்ணுகிட்ட நானே பேசறேன், நம்பரை மட்டும் போட்டுக் குடுங்க, முதல்ல திட்டுவா, திட்டட்டும், காதைக் குடுத்துக் கேட்டுக்கறேன்.

அதுக்கு முன்னாடி இந்தக் காகிதத்தை முடிச்சுடலாம். பத்தாவது ஆளுக்கு எதிர்ல இன்னும் ஒண்ணும் எழுதல. என் நெனைப்புல அவ அம்பத்தி ஒண்ணுதான், ஆனா அது பழசு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது நீங்கதானே, இந்த மாசம் தாயும் வயித்துப் புள்ளையும் சேந்து எத்தனை கிலோ வந்துதுன்னு சொல்லுங்க மாப்ள.